விட்டுவிட்டு அறுபடும் வைஃபை

முற்றிலும் நின்றுபோன இயந்திரத்தைப் பழுது பார்ப்பது எளிது. நின்று, பின் தானே ஓடி, மறுபடியும் நிற்கும் இயந்திரமே பழுது பார்ப்பவனைச் சோதிப்பது. அவன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் வரையில் அஃது ஒழுங்காக ஓடும். கூலியைப் பெற்றுக்கொண்டு அவன் படியிறங்கியதும் நின்றுவிடும். இன்று அலுவலகங்களில் பயன்படும் கம்பியில்லா வலைத்தொடர்புக்கு, அதாவது ‘வைஃபை’ என்று எல்லோரும் வழங்கும் தொடர்புக்கு, வரும் நோய்களில் மிகுதியானது இவ்வகையே. தொடர்பு அறுபடுகிறது, அரை நிமிடத்திலோ அரை மணியிலோ தானே மீள்கிறது. ஏன் அறுந்தது, ஏன் மீண்டது என்று யாருக்கும் தெரிவதில்லை. காரணம் தெரியாத இடத்தில் பழி போட ஆள் தேடுவது மனித இயல்பு.

நான் இதில் ஈடுபட நேர்ந்ததும் அத்தகைய ஒரு பழியால்தான்.

நடந்தது

என் தமக்கையார் ஒரு வரி ஆலோசகரின் அலுவலகத்தில் பணிபுரிகிறார். கடைத்தெருவில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள் கொண்ட அலுவலகம் அது. வாடிக்கையாளர்களின் ஜி.எஸ்.டி. மாதப் படிவங்களைத் தளத்தில் ஏற்றும் பொறுப்பு அவருடையது. மாதப் படிவத்துக்குக் கெடு 20ஆம் தேதி. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். ஒரு மாதம் 20ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு அவருடைய கணிப்பொறியில் மட்டும் தொடர்பு அறுந்தது. மீண்டபோது தளத்தில் கூட்டம் மிகுந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு. மூன்று வாடிக்கையாளர்களின் படிவங்கள் இரண்டு நாள் தாமதமாயின. அந்த 300 ரூபாய் அவருடைய சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

பணம் பெரிதன்று. “நீ அந்த நாற்காலிக்கு வந்த பிறகுதானம்மா இந்தத் தொல்லை, மாலை வேளையில் கைப்பேசியில் படம் பார்க்கிறாயோ என்னவோ” என்று உரிமையாளர் சொன்ன சொல்லே பெரிதாகப் பட்டது. அடுத்த மாதமும் இப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். “தம்பி, நீ இயற்பியல்தானே படிக்கிறாய், வந்து பாரேன்” என்றார் தமக்கையார். வகுப்பில் மாக்சுவெல் சமன்பாடுகளை எழுதத் தெரியும் என்பதற்கும் ஒரு ரூட்டரைப் பழுது பார்க்கத் தெரியும் என்பதற்கும் உள்ள தொலைவை அவர் அறியார். ஆயினும் சென்றேன். அங்கே கற்றதையே இங்கு எழுதுகிறேன். கல்லூரியை விட்டு வெளியே சென்றதும் நம்மில் பலர் அமரப்போவது இத்தகைய அலுவலகங்களில்தான் என்பதால் இது பிறர்க்கும் பயன்படலாம்.

பொதுச்சாலை

முதலில் சிறிது பின்னணி. 1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போசு மிகக் குறுகிய மின்காந்த அலைகளைச் சுவரினூடே செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். கணிப்பொறிகளைக் கம்பியின்றி இணைத்த முன்னோடி வலை 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிரம்சன் குழுவினர் இயக்கிய ‘அலோகா’ ஆகும். அதில் ஒவ்வொரு நிலையமும் தன் விருப்பம்போல் பேசும். இரண்டு ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், சிறிது நேரம் பொறுத்து மறுபடி பேசும். இம்முறையில் வழியின் கொள்ளளவில் அதிக அளவாகச் சுமார் 18 விழுக்காடே பயன்படும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டலாம். 1997இல் வகுக்கப்பட்ட வைஃபை தரம் இதனினும் நாகரிகமானது. பேசுமுன் பிறர் பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்த்து, வழி ஓய்ந்திருந்தால் மட்டுமே பேசும்.

இந்த நாகரிகம் ஏன் வேண்டியதாயிற்று? வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகள் யாருக்கும் சொந்தமானவை அல்ல. 1985இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் தொழில், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கியிருந்த பட்டைகளை உரிமமின்றிப் பயன்படுத்த வழி திறந்தது. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்சுப் பட்டை 2005இலும், 5 கிகாஹெர்ட்சுப் பட்டையின் பெரும்பகுதி 2018இலும் இவ்வாறு உரிமத்திலிருந்து விடுவிக்கப்பட்டன. உரிமம் வேண்டியதில்லை என்பதன் மறுபக்கத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வானொலி நிலையத்தின் அலைவரிசையில் எவரேனும் குறுக்கிட்டால் அந்நிலையம் முறையிடலாம். வைஃபைக்குக் குறுக்கீடு நேர்ந்தால் முறையிட இடமில்லை. அது பொதுச்சாலை. மாட்டுவண்டியும் வரும், லாரியும் வரும், திருமண ஊர்வலமும் வரும்.

எங்கே அறுபடுகிறது?

அலுவலகத்தார் எனக்கு முன்பே மூன்று முடிவுகளுக்கு வந்திருந்தனர். உரிமையாளர் என் தமக்கையாரையும், தலைமை எழுத்தர் கீழ்த்தளப் பேக்கரியின் மைக்ரோவேவ் அடுப்பையும், பக்கத்து மேசைக்காரர் இணைய நிறுவனத்தையும் குற்றவாளியாக்கியிருந்தனர். இதற்குள் ரூட்டரை இரண்டு முறை புதிதாக வாங்கி மாற்றியாயிற்று. மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பதற்கு இஃது ஒப்பாகும்.

“நெட் போய்விட்டது” என்று சொல்லும்போது நாம் ஒன்றைச் சொல்வதாக நினைக்கிறோம். உண்மையில் மூன்று நான்கு வெவ்வேறு பொருளைச் சொல்கிறோம். கணிப்பொறியிலிருந்து ரூட்டர் வரை ஒரு வழி. அது மட்டுமே கம்பியில்லாதது. ரூட்டரிலிருந்து ஒளியிழைப் பெட்டி வரை ஒரு கம்பி. அதற்கு மேல் நிறுவனத்தின் இழை. அதற்கும் மேல், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் பெயர்ச் சேவை. இவற்றில் எது அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றே.

இவற்றைப் பிரித்தறியச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கணிப்பொறியின் கட்டளைச் சாளரத்தில் ‘பிங்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, மறுமொழி வரும் நேரத்தை மில்லி வினாடியில் காட்டும். கிணற்றில் கல்லெறிந்து ஓசை கேட்பது போன்றது. இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), மற்றொன்றில் வெளியுலக முகவரி ஒன்றுக்கும் (8.8.8.8 எளிதில் நினைவில் நிற்கும்) இடைவிடாது அனுப்பும்படி விட்டுவிட வேண்டும். தொடர்பு அறுபடும் அந்த நிமிடத்தில் இரண்டையும் பார்க்க வேண்டும். ரூட்டரே மறுமொழி தரவில்லை என்றால் குறை கம்பியில்லா வழியில், அல்லது ரூட்டரில். ரூட்டர் பேசுகிறது, வெளியுலகம் பேசவில்லை என்றால் வைஃபையைக் குறை சொல்வது வீண். குறை அதற்கு அப்பால். இரண்டுமே பேசுகின்றன, ஆனால் தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயர்ச் சேவையில் அல்லது அந்தத் தளத்திலேயே குறை. கெடு நாள் மாலைகளில் இந்தக் கடைசி வகையும் குறைவன்று.

கூடவே கேட்க வேண்டிய கேள்வி, அறுபடுவது ஒருவருக்கா, ஓர் அறைக்கா, எல்லோருக்குமா என்பது. எளிய கேள்விதான். ஆனால் தொடர்பு அறுந்த சினத்தில் இருக்கும் ஒருவரும் பக்கத்து மேசையை எட்டிப் பார்ப்பதில்லை.

குறிப்பேடு

நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் கோடுகள் வரைந்து கொடுத்தேன். நேரம், யாருடைய கணிப்பொறி, ரூட்டர் பேசியதா, வெளியுலகம் பேசியதா, அந்நேரம் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என ஐந்து பத்திகள். கடைசிப் பத்தியை எழுதுவது வீண் வேலை என்று தலைமை எழுத்தர் முணுமுணுத்தார். பின்னால் வழக்கைத் தீர்த்தது அந்தப் பத்தியே.

ஐந்து வேலை நாள்களில் பன்னிரண்டு முறை தொடர்பு அறுந்ததாகப் பதிவாயிற்று. அவற்றுள் நான்கு எல்லோருக்கும் பொதுவானவை. அந்த நான்கிலும் ரூட்டர் பேசியது, வெளியுலகம் பேசவில்லை. மீதி எட்டும் என் தமக்கையாருடைய கணிப்பொறிக்கு மட்டும் நேர்ந்தவை. அவற்றில் ரூட்டரே பேசவில்லை. ஆக, ஒரு நோய் என்று எல்லோரும் எண்ணியது உண்மையில் இரண்டு நோய். இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததால்தான் எந்த மருந்தும் பிடிக்கவில்லை. ரூட்டரை மாற்றியவுடன் சில நாள் நலமாக இருப்பதுபோல் தோன்றியதும், மறுபடி கெட்டதும், இரண்டும் கலந்து நடந்ததால் வந்த மயக்கமே.

பொதுவான நான்கையும் தீர்க்க அதிக நேரம் ஆகவில்லை. அறுபட்டபோதெல்லாம் ஒளியிழைப் பெட்டியின் விளக்குகள் அனைத்தும் அணைந்து, ஒவ்வொன்றாக மீண்டும் எரிந்தன என்று வரவேற்பறைப் பையன் சொன்னான். அப்படியானால் இழையில் குறையில்லை. பெட்டிக்கு மின்சாரமே நின்று வருகிறது. பெட்டியின் அடாப்டர், பல செருகிகள் கொண்ட ஒரு நீட்டிப்புப் பலகையில் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கீழ் இழுப்பறையைத் திறந்து மூடும்போதெல்லாம் பலகை அசையும். அடாப்டரை யு.பி.எஸ். வழி வரும் சுவர்ச் செருகிக்கு மாற்றினோம். அந்த வகை அறுபடல் அதன்பின் பதிவாகவில்லை. பெட்டி ஒரு கணம் மின்சாரம் இழந்தால் மறுபடி முழுமையாக இயங்க ஓரிரு நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும்; ஒரு கணத் தளர்வு இரண்டு நிமிட அறுபடலாகத் தெரிவது இதனால்தான்.

அடுப்பின் மீது விழுந்த ஐயம்

எஞ்சிய எட்டில் ஏழு, மாலை மூன்றரைக்கும் நான்கரைக்கும் இடையே நேர்ந்தவை. பேக்கரியில் பப்சைச் சூடாக்கும் நேரமும் அதுவே. தலைமை எழுத்தர் வெற்றிப் புன்னகை புரிந்தார்.

அவர் ஐயத்தில் நியாயம் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பின் மேக்னட்ரான் சுமார் 2450 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் இயங்குவது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்சுப் பட்டை 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்சு வரை. அடுப்பு அதன் நடுவிலேயே அமர்ந்திருக்கிறது. அடுப்புக்குள் நூற்றுக்கணக்கான வாட்டு ஆற்றல். கதவிடுக்கில் கசிவது மிகச் சிறிதே ஆயினும், ரூட்டர் வெளியிடுவதே ஏறத்தாழ பத்தில் ஒரு வாட்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆனால் வீட்டு அடுப்பு இடைவிடாமல் கத்துவதில்லை. மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரமே மேக்னட்ரான் வேலை செய்யும். நம் நாட்டில் 50 சுழற்சி மின்சாரம். ஆகவே சுமார் 10 மில்லி வினாடி கூச்சல், 10 மில்லி வினாடி அமைதி. அந்த அமைதியில் வைஃபை தன் செய்தியை நுழைத்துவிடும். எனவே அடுப்பு பெரும்பாலும் வேகத்தைக் குறைக்குமே தவிர, தொடர்பை அரை மணி நேரம் அறுத்தெறிவது அரிது.

வாதம் வேறு, சோதனை வேறு. பேக்கரிக்காரரிடம் கேட்டு, ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து ஐந்து நிமிடம் அடுப்பை ஓடவிட்டோம். மாடியில் ‘பிங்’ மறுமொழிகள் சில தாமதமாயின; ஒன்றிரண்டு தொலைந்தன. தொடர்பு அறுபடவில்லை. இடையில் கான்கிரீட் தளம் இருந்ததும் ஒரு காரணம். அடுப்பு விடுதலையானது. ஆயினும் அலுவலக அறைக்குள்ளேயே அடுப்பு வைத்திருப்போர் அதை ரூட்டருக்கு அருகில் வைக்காதிருப்பது நலம்.

இடையில் தெருவையும் பார்த்தேன். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் அலைவரிசை காட்டும் செயலிகள், சுற்றிலும் எத்தனை வைஃபைகள் எந்தத் தடத்தில் உள்ளன என்று காட்டும். அந்த மாடியில் பதினொன்று தெரிந்தன. 2.4 பட்டையில் தடங்கள் 5 மெகாஹெர்ட்சு இடைவெளியில் எண்ணிடப்பட்டவை. ஆனால் ஒரு தொடர்பு சுமார் 20 மெகாஹெர்ட்சு அகலம் எடுத்துக்கொள்ளும். எனவே ஒன்றன்மேல் ஒன்று படாமல் இருப்பவை 1, 6, 11 என்னும் மூன்றே. முன்பு வந்த பழுது பார்ப்பவர், “மூன்றாம் தடம் காலியாக இருக்கிறது” என்று ரூட்டரை அங்கே வைத்துவிட்டுச் சென்றிருந்தார். பார்வைக்கு அறிவுடைய செயல், உண்மையில் தீங்கு. ஒரே தடத்தில் உள்ள இரு ரூட்டர்கள் ஒன்றன் பேச்சை மற்றொன்று புரிந்துகொண்டு காத்திருக்கும். வரிசையில் நிற்பது போல. பாதி மேற்படிந்த தடத்தில் ஒன்றன் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாத இரைச்சலாகிவிடும். மூன்றாம் தடத்தில் இருப்பவர் ஒன்றாம் தடத்தாருக்கும் ஆறாம் தடத்தாருக்கும் ஒருங்கே தொல்லை கொடுத்து, இருவரிடமும் தொல்லை பெறுகிறார். அதனை ஒன்றாம் தடத்துக்கு மாற்றினேன். எல்லோருக்கும் வேகம் சிறிது கூடியது. மாலை அறுபடல் மட்டும் நிற்கவில்லை.

எட்டாவது பதிவு

அப்போதுதான் குறிப்பேட்டின் கடைசிப் பத்தியை ஒழுங்காகப் படித்தேன். மாலை ஏழு பதிவுகளிலும் தமக்கையார் எழுதியிருந்தது: “கணக்குக் கோப்புகள் நகல் எடுத்தல்.” அலுவலகம் தேநீருக்குக் கலையும் மூன்றரை மணிக்கு, அன்றைய கணக்குகளை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வைப்பது அங்கே வழக்கம். எட்டாவது பதிவு ஒன்றுதான் காலை பதினொரு மணிக்கு. அதன் எதிரில், “பழைய கோப்பு வேண்டுமென்று முதலாளி கேட்டார், டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.” ஏழு பதிவுகள் நேரத்தைச் சுட்டின, எட்டாவது, நேரம் காரணமன்று என்று சொன்னது.

“மூன்று மாதங்களுக்கு முன் ஏதேனும் மாற்றம் செய்தீர்களா?” என்று முதல் நாளே கேட்டிருந்தேன். “ஒன்றும் இல்லை” என்றார்கள். பழுது பார்க்கும் இடத்தில் எப்போதும் கிடைக்கும் விடை அதுதான் என்று இப்போது எண்ணுகிறேன். டிஸ்க்கைச் சுட்டிக்காட்டிக் கேட்டபோது தலைமை எழுத்தர் சொன்னார்: “அதுவா? பழையது கெட்டுப் போயிற்று. இது புதிது, வேகமானது. பாப்பாவின் கணிப்பொறியில்தான் நீலச் செருகி இருந்தது, அதனால் அங்கே வைத்தோம்.” என் தமக்கையார் அந்த நாற்காலிக்கு வந்ததும் அதே வாரத்தில்தான்.

நீலச் செருகி என்பது யு.எஸ்.பி. 3.0. பழைய யு.எஸ்.பி.யைவிடப் பன்மடங்கு வேகமுடையது. வினாடிக்கு 500 கோடி துணுக்குகளை அனுப்பும். இவ்வளவு விரைவாக மேலும் கீழும் துள்ளும் மின்னழுத்தம், வடத்திலும் செருகியிலும் உள்ள சிறு இடுக்குகளிலிருந்து மின்காந்த அலையாகக் கசியும். அதன் நிறமாலை அகலமானது, 2.4 கிகாஹெர்ட்சுப் பகுதி முழுவதும் அதற்குள் அடக்கம். அந்தப் பகுதியை மட்டும் வடிகட்டி நீக்கவும் முடியாது, அது யு.எஸ்.பி.யின் சொந்தச் செய்தியும் வாழும் பகுதியாயிற்றே. இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஓர் அறிக்கையில் இதை அளந்து காட்டியுள்ளது: யு.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க்கை இணைத்தவுடன் அருகில் 2.4 பட்டையின் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல் உயர்ந்தது. 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு.

இதை எண்ணில் வைத்துப் பார்த்தால் நம் பாடம் விளங்கும். ஒரு மில்லி வாட்டைச் சுழியாகக் கொண்டு அளக்கும் அளவு டி.பி.எம். எனப்படும். அறை வெப்பநிலையில் 20 மெகாஹெர்ட்சு அகலத்துக்கு வெப்ப இரைச்சல் கணக்கிட்டால் சுமார் −101 வரும். ஏற்பியின் சொந்த இரைச்சலையும் சேர்த்து −95 என்று கொள்ளலாம். தமக்கையாரின் மேசை மூன்றாம் அறையில். இடையில் இரண்டு செங்கற்சுவர், ஓர் இரும்பு பீரோ. அங்கே ரூட்டரின் வலிமை −74 இருந்தது. பெரியதன்று, ஆயினும் இரைச்சலுக்கு 21 டெசிபெல் மேலே நிற்பதால் வேலை நடக்கும். இரைச்சல் 20 டெசிபெல் உயர்ந்தால் எஞ்சுவது ஒரே டெசிபெல். மிகக் குறைந்த வேகத்துக்கே சில டெசிபெல் இடைவெளி வேண்டும். ஆகவே அறுந்துபோகும். முதல் அறையில், ரூட்டருக்கு அருகில், −45 வலிமையுள்ள இடத்தில் இதே டிஸ்க்கை வைத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திராது.

வலிமைப் பட்டைகள் குறையாமலே தொடர்பு அறுந்ததன் காரணமும் இதுவே. திரையிலுள்ள அந்தச் சிறு விசிறி, வரும் அலையின் வலிமையைத்தான் காட்டும்; இரைச்சலைக் காட்டாது. திருமண வீட்டில் மேளம் முழங்கும்போது பக்கத்திலிருப்பவர் அதே குரலில்தான் பேசுகிறார். நமக்குத்தான் காதில் விழுவதில்லை.

மேலும் ஒரு கெட்ட நேரம்: அந்தக் கணிப்பொறியின் வைஃபை ஏற்பி ஒரு கட்டைவிரல் நகமளவு யு.எஸ்.பி. டாங்கிள். அது பெட்டியின் முன்புறத்தில், டிஸ்க் செருகியிருந்த நீலத் துளைக்கு அடுத்த துளையில், ஒரு விரற்கடை தொலைவில் இருந்தது. இரண்டு மீட்டர் தள்ளியிருந்த பக்கத்து மடிக்கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கைப்பேசி 5 கிகாஹெர்ட்சுப் பட்டையில் இருந்ததால் அதே மேசையில் வேலை செய்தது. 2.4க்கு மாற்றி டிஸ்க்கின் அருகில் வைத்தவுடன் அதுவும் திணறியது.

டிஸ்க்கைப் பிடுங்கினேன், சில வினாடிகளில் ரூட்டர் பேசியது. செருகி நகலெடுக்கத் தொடங்கினேன், நின்றது. உரிமையாளரை அழைத்து, அவர் கையாலேயே ஐந்து முறை செருகிப் பிடுங்கச் செய்தேன். ஐந்து முறையும் அப்படியே நடந்தது. அவர் ஒன்றும் பேசாமல் தம் அறைக்குள் சென்றார்.

மருந்து, நூறு ரூபாயை ஒட்டிய விலையுள்ள ஒரு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்பு வடம். டாங்கிளை அதில் செருகி மேசையின் மறுகோடியில் உயரமாக வைத்தோம். டிஸ்க்கைப் பெட்டியின் பின்புறத்துக்கு மாற்றினோம். ரூட்டரை இரும்பு பீரோவின் தலையிலிருந்து இறக்கி நடு அறையின் சுவரில் பொருத்தியதில் மேசையில் வலிமை −74லிருந்து −61 ஆயிற்று. நிலையாக ஓரிடத்தில் இருக்கும் மேசைக் கணிப்பொறிகளுக்கு இவை எதுவும் வேண்டாம், சுவரோரமாக ஒரு கம்பி இழுத்துவிடுங்கள் என்பதே என் சொந்தக் கருத்து. நகராத பொருளுக்குக் கம்பியில்லாமை எதற்கு? சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றார்கள்.

வேறு சில காரணங்கள்

எல்லா அலுவலகத்திலும் குற்றவாளி டிஸ்க்காக இருக்காது. குறிப்பேட்டில் பதிவாகும் வடிவத்தைக் கொண்டு வேறு சிலவற்றையும் அடையாளம் காணலாம்.

கணிப்பொறியைச் சிறிது நேரம் தொடாமல் விட்டு மீண்டும் தொடும்போது அறுந்திருந்தால், பெரும்பாலும் மின்சிக்கன ஏற்பாடே காரணம். வைஃபை ஏற்பியை உறங்க வைக்க அனுமதிக்கும் குறியைச் சாதன மேலாளரில் நீக்கிவிட்டால் போதும். மடிக்கணினிகளில் இது மிகுதி.

கடிகாரம் வைத்தாற்போல் சீரான இடைவெளியில் அறுந்தால் முகவரி வழங்கும் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் முகவரியைக் குத்தகைக்கே தருகிறது. குத்தகைக் காலம் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். வாடிக்கையாளர்களின் கைப்பேசிகள் எல்லாம் முகவரிகளை எடுத்துத் தீர்த்துவிட்டால் புதிதாக வருபவருக்குக் கிடைக்காது. 169.254 என்று தொடங்கும் முகவரி ஒரு கணிப்பொறியில் தென்பட்டால், அது ரூட்டரிடம் கேட்டும் விடை கிடைக்காமல் தானே சூட்டிக்கொண்ட பெயர் என்று அறியலாம். எவரேனும் வீட்டிலிருந்து பழைய ரூட்டரைக் கொண்டுவந்து அலுவலகக் கம்பியில் செருகிவிட்டால், முகவரி வழங்குபவர் இருவராகிவிடுவர். அந்தக் குழப்பம் சொல்லி மாளாது.

நடந்துகொண்டே பேசும்போது அறுந்தால், இரண்டு ரூட்டர்களுக்கு இடையே கைமாறுவதில் குறை. எந்த ரூட்டரைப் பற்றுவது என்று முடிவு செய்வது கருவியே. சில கருவிகள் தேய்ந்துபோன பழைய தொடர்பை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கும்.

5 கிகாஹெர்ட்சில் எல்லோருக்கும் ஒருசேர, எப்போதோ ஒருமுறை, ஒரு நிமிட அளவு அறுந்தால் அதற்கு விந்தையான காரணம் ஒன்று உண்டு. அப்பட்டையின் நடுப்பகுதித் தடங்களை வானிலை ரேடார் முதலியவையும் பயன்படுத்துவதுண்டு. ரேடார் போன்ற துடிப்பைக் கேட்ட ரூட்டர் பத்து வினாடிக்குள் அத்தடத்தை விட்டு விலக வேண்டும். அரை மணி நேரம் திரும்பி வரலாகாது. அத்தகைய புதிய தடம் ஒன்றில் பேசுமுன் ஒரு நிமிடம் செவிமடுக்க வேண்டும் என்பது விதி. பொய்யான துடிப்பைக் கேட்டு ஓடும் ரூட்டர்களும் உள்ளன. 36 முதல் 48 வரையுள்ள தடங்களில் இத்தொல்லை இல்லை.

சில நேரங்களில் இரண்டு கணிப்பொறிகள் ரூட்டரின் இருபுறமும் இருந்து, ஒன்றன் பேச்சு மற்றொன்றுக்குக் கேட்காமல், இரண்டும் ஒரே நேரத்தில் பேசி ரூட்டரின் காதில் மோதிக்கொள்ளும். ரூட்டரை நடுவில் வைப்பதால் இது முழுதும் தீர்வதில்லை. இரண்டில் ஒன்றைக் கம்பிக்கு மாற்றுவதே நல்லது.

தமக்கையாரின் அலுவலகத்தில் அடுத்த மாதம் 20ஆம் தேதிப் படிவங்கள் 19ஆம் தேதியே ஏறிவிட்டன. குறிப்பேடு இப்போதும் ரூட்டருக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்குகிறது. அதன்பின் மூன்று பதிவுகள் உள்ளன. இரண்டு, தெருவில் மின்சாரம் நின்றபோது. மூன்றாவது, ஒரு நாள் பிற்பகல், தலைமை எழுத்தரின் கையெழுத்தில்: “ரூட்டர் பேசியது. வெளியுலகம் பேசியது. தளம்தான் திறக்கவில்லை.” பிடித்த 300 ரூபாய் மட்டும் இதை எழுதும் வரையில் திரும்பி வரவில்லை.